முப்பத்தைந்தா, ஐம்பதா?

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும், எதை வாங்கலாம்ணே?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கேமரா வாங்கியதிலேயே கை காலியாகியிருக்கும். கேட்ட கையோடு எந்த லென்ஸ் கூர்மை, எது பின்னணியை அழகாக மங்கலாக்கும் என்று அவர்களே அடுக்கவும் தொடங்கிவிடுவார்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: தெருவில் ஆட்களைப் படமெடுக்கும்போது எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு சுலபம். கேமராவைப் படுக்கவாட்டில் பிடித்து, ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஃபிலிம் சட்டத்தின் உயரம் 24 மி.மீ. 50 மி.மீ. லென்ஸ் என்றால் பதினொன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் எட்டு அடி. 28 என்றால் ஆறரை அடி. கம்பெனி விளம்பரங்கள் சொல்லும் எல்லா வித்தியாசங்களையும்விட இந்த மூன்று எண்களுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரியது.

நான் அதிகம் நடப்பது மதுரையில், மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் நடுவிலுள்ள சந்துகளில். பல சந்துகள் பத்தடி அகலம்கூடத் தேறாது. அதிலும் ஒரு பக்கம் டூவீலர் நிற்கும், மறு பக்கம் கடைக்காரர் சரக்கை வெளியே அடுக்கியிருப்பார். அங்கே 50 போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் முட்டும், ஆளுக்குக் கால் இருக்காது. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதி வேறு மாதிரி. வண்டி போகாத, அகலமான வீதி. அங்கே 50 தாராளமாக வேலை செய்யும். ஆகவே "நல்ல லென்ஸ் எது?" என்பதற்கு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு பதில் மாறும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் பெரும்பாலும் 28 வைத்து எடுத்தார் என்றால், நியூயார்க்கின் அகலமான நடைபாதையில், எதிரே வரும் கூட்டத்துக்குள் நேராக நடந்துபோகும் ஆள் அவர். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரசோனுக்கு வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் 50தான். அவர் 1950இல் மதுரையிலும் படமெடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அவருடைய படங்களில் பல, சற்றுத் தள்ளி நின்று, மனிதர்களும் சுவர்களும் படிக்கட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தும் கணத்துக்காகக் காத்திருந்து எடுத்தவை. காத்திருக்கும் குணம் உள்ளவருக்கு 50 பொருந்தும். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

உங்கள் இடைவெளி எவ்வளவு என்று கண்டுபிடிக்க லென்ஸ் வாங்கத் தேவையில்லை. ரேஞ்ச்ஃபைண்டரின் பெரிய வசதியே இதுதான், பலர் கவனிப்பதில்லை. இதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனியாக ஒரு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அந்த ஜன்னலுக்குள் வெள்ளைக் கோடுகள் லென்ஸ் வாரியாகச் சட்டம் கட்டிக் காட்டுகின்றன. என்னிடம் உள்ள வாய்க்லெண்டர் பெஸ்ஸா ஆர்2இல் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினால் 35, 50, 75 எனச் சட்டம் மாறும். லைக்கா எம்6 போன்றவற்றிலும் முன்பக்கம் இப்படி ஒரு நெம்புகோல் உண்டு. லென்ஸே மாட்டாமல், ஃபிலிமும் போடாமல், வழக்கமாகப் போகும் தெருவில் ஒரு வாரம் நடந்து பாருங்கள். எதையாவது பார்த்துக் கால் தானாக நிற்கும் இடத்தில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் நெம்புகோலைத் தள்ளுங்கள். பார்த்தது எந்தச் சட்டத்துக்குள் பெரும்பாலும் அடங்குகிறதோ அதுதான் உங்கள் லென்ஸ்.

இதில் ஒரு எச்சரிக்கை. இப்போது எல்லாருக்கும் கண் பழகியிருப்பது செல்போனில். செல்போனின் முக்கிய லென்ஸ், ஃபிலிம் கணக்கில் ஏறத்தாழ 24 முதல் 28 மி.மீ. வரை வரும். அதனால் முதல் இரண்டு நாளும் எல்லாச் சட்டமும் இறுக்கமாகவே தெரியும். அதை நம்பி 28க்கு ஓடாதீர்கள். மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

கேமராவின் உடம்பும் ஒரு முடிவைச் சொல்லும். 1954இல் வந்த லைக்கா எம்3இல் 50, 90, 135 ஆகியவற்றுக்குத்தான் கோடுகள் உண்டு. அதில் 35 போட வேண்டுமானால் தனி வியூஃபைண்டர் செருக வேண்டும், அல்லது அதற்கென்றே மூக்குக்கண்ணாடி மாதிரி துண்டு வைத்துச் செய்த லென்ஸைத் தேட வேண்டும். எம்3 வைத்திருப்பவர் 50 வாங்குவதுதான் அறிவு. எம்6இல் 28க்குக் கோடு உண்டு; ஆனால் அது ஜன்னலின் ஓரத்தையே தொட்டுக்கொண்டு இருக்கும். என்னைப் போலக் கண்ணாடி போட்டவர்கள் நாலு ஓரத்தையும் ஒரே பார்வையில் பார்க்கவே முடியாது. 35இன் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சும். ஃபிரேமுக்கு வெளியே சைக்கிளில் ஒருவர் வருவதும், இன்னும் இரண்டு நொடியில் அவர் உள்ளே நுழைவார் என்பதும் முன்கூட்டியே தெரியும். ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குவதே இதற்காகத்தான். அதை 28 போட்டு இழப்பானேன்?

அடுத்து ஃபோகஸ். சந்தில் நடமாடும் ஆள்மீது, ஜன்னலின் நடுவில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்வதற்குள் அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு நடப்பதே வழி. 35 மி.மீ. லென்ஸை எட்டு அடியில் வைத்து, அப்பர்ச்சரை எஃப் 8 ஆக்கினால், ஏறத்தாழ ஐந்தரை அடி முதல் பதினைந்து அடி வரை படம் தெளிவாக விழும். அதே எட்டு அடி, அதே எஃப் 8இல் 50 தருவது ஆறரை முதல் பத்தரை அடி வரைதான். நாலடிப் பட்டைக்குள் ஆளைப் பிடிப்பது ஆகிற காரியமில்லை. 28 இன்னும் தாராளம்: நாலரை அடியில் தொடங்கி முப்பது அடி வரை போகும். ஃபோகஸ் ஒன்றை மட்டும் பார்த்தால் 28தான் ஜெயிக்கும். ஆனால் ஆறடிக்குள் போய் நிற்கும்போது ஓரத்தில் இருக்கும் முகங்கள் இழுபடும். குழந்தைகளின் தலை ஒரு பக்கமாக நீளும். எனக்கு அது பிடிக்காது. பிடித்தவர்களும் உண்டு.

எட்டு அடியைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். சைக்கிள் ஏறத்தாழ ஆறடி நீளம். அதோடு பூக்காரம்மா கையால் அளக்கும் முழத்தில் ஒன்றரை சேர்த்தால் எட்டடி ஆயிற்று. வீட்டு வராந்தாவில் டேப் வைத்து அளந்து இரண்டு கோடு போட்டுப் பழகினால், கொஞ்ச நாளில் கேமராவைத் தூக்காமலே "இங்கிருந்து சரியாக வரும்" என்று தெரியும். லென்ஸின் அடியில் விரல் வைக்கச் சின்னப் பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிடி எந்தக் கோணத்தில் இருந்தால் எத்தனை அடி என்று விரலே கற்றுக்கொள்ளும். ஒரே லென்ஸோடு இருப்பதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. இரண்டு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டால் விரலுக்கு இந்தப் பாடம் ஏறாது.

எஃப் 1.4 லென்ஸ்மேல் எல்லாருக்கும் ஒரு மோகம். நம்மூர் வெயிலை யோசியுங்கள். 400 ஃபிலிம் போட்டால் உச்சி வெயிலில் எஃப் 16, நொடியில் ஐநூறில் ஒரு பங்கு. லைக்காவின் ஃபிலிம் எம் கேமராக்களில் அதிகபட்ச ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒன்று. அப்போதும் எஃப் 11க்குக் கீழே திறக்க வழியில்லை. லேசான நிழலில் எஃப் 8, இருநூற்று ஐம்பதில் ஒன்று. பகல் முழுக்க எஃப் 8க்கும் 16க்கும் நடுவிலேயே ஓடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவருக்கு எஃப் 2 தேவைப்படலாம். மற்றவர்களுக்கு எஃப் 2.5 அல்லது 2.8 தாராளம். சின்ன லென்ஸ் விலை குறைவு, எடை குறைவு. வியூஃபைண்டரின் மூலையை மறைக்காது என்பது அதைவிட முக்கியம். குண்டு லென்ஸ் அந்த மூலையைத் தின்றுவிடும்.

எட்டு அடி என்பது பேசும் தூரமும்கூட. விளக்குத்தூண் பக்கம் கேமராவைத் தூக்கினால், "எந்தப் பேப்பர் சார்?" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. பேப்பர் இல்லை, சும்மாதான் எடுக்கிறேன் என்று சிரித்துச் சொல்லிவிடலாம். "அப்ப என்னையும் ஒண்ணு எடுங்கண்ணே" என்பார்கள். "எடுக்க வேணாம்" என்று ஒரு அம்மா கையசைத்தால் கேமராவை இறக்கிவிடலாம். இருபதடி தள்ளி ஒளிந்து எடுப்பவருக்கு இந்த இரண்டும் காதில் விழாது. அதைத் திருட்டு என்றே சொல்வேன். தெருவுக்கு 90 மி.மீ. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது எந்த லென்ஸ் என்றும் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் எட்டடியாவது எட்டு அங்குலமாவது. எந்த லென்ஸோடு போனாலும், அழகர்மேல் தோல்பையால் பீய்ச்சும் தண்ணீர் கேமராமேலும் விழும். பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், போதும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். புகைபோல ஒரு மங்கல் இருந்தால் எதிர்வெயிலில் படம் வெளிறும். முன்கண்ணாடியில் இரண்டு கீறல் இருப்பது பெரும்பாலும் படத்தில் தெரியாது; அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஃபோகஸ் வளையம் கடைசிவரை ஒரே இறுக்கத்தில் சுற்ற வேண்டும். திருகு வகைப் பழைய லென்ஸ்களை மெல்லிய அடாப்டர் வளையம் போட்டு எம் மவுன்ட் கேமராவில் மாட்டலாம் என்பதால், தேடும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தும் முடிவு வராதவர்கள் எஃப் 2.5 அல்லது 2.8 உள்ள பழைய 35 ஒன்றை வாங்குங்கள். எம்3 வைத்திருந்தால் மட்டும் 50. மிச்சமாகும் பணத்துக்கு ஃபிலிம் ரோல் வாங்கிவிடுங்கள்.