ஏழு அடுக்கா, நான்கு அடுக்கா?



கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் கட்டாயம் சந்திக்கும் கேள்வி: "ஓஎஸ்ஐ, டிசிபி/ஐபி மாதிரிகளை ஒப்பிடுக." பலர் இரண்டு அட்டவணைகளை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். வேலைக்கான நேர்காணலில் அதையே சற்று மாற்றிக் கேட்டால் திணறுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

அடுக்கு எதற்கு?

சமயநல்லூரிலிருந்து ஒரு பிள்ளை, துபாயில் வேலை பார்க்கும் அத்தாவிடம் போனில் பேசுகிறது. பேச்சை எண்களாக்குவது ஒரு வேலை. பொட்டலங்களாகப் பிரிப்பது இன்னொன்று. வழி கண்டுபிடிப்பது வேறொன்று. கம்பியிலோ காற்றிலோ அனுப்புவது மற்றொன்று. ஒவ்வொரு வேலையும் ஓர் அடுக்கு. அதனால்தான் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் பேசும் செயலியை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஓஎஸ்ஐயில் கீழிருந்து ஏழு: பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். டிசிபி/ஐபியில் நான்கு: லிங்க், இன்டர்நெட், டிரான்ஸ்போர்ட், அப்ளிகேஷன். முதல் இரண்டும் சேர்ந்து லிங்க், நெட்வொர்க்தான் இன்டர்நெட், டிரான்ஸ்போர்ட் அப்படியே, மேல் மூன்றும் சேர்ந்து அப்ளிகேஷன்.

இந்தியா இரண்டையும் ஓட்டிப் பார்த்தது

1986-இல் மத்திய மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்ற கல்வி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை ஐஐடியும் அதில் ஒரு பங்காளி. அந்த வலையமைப்பில் ஓஎஸ்ஐ, டிசிபி/ஐபி இரண்டும் ஓடின. 1995 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டிசிபி/ஐபிக்கு வந்துவிட்டது.

காரணம் எளிது. ஓஎஸ்ஐ மாதிரி சர்வதேசத் தரமாக வெளிவந்தது 1984-இல். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டோ 1983 ஜனவரி 1 அன்றே டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. பெர்க்லி யூனிக்ஸுடன் அது பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. தாளில் முழுமையாக இருந்ததை, ஓடிக்கொண்டிருந்தது முந்திவிட்டது.

அப்படியானால் ஏழு அடுக்கு வீணா?

இல்லை, கோளாறு கண்டுபிடிக்க அதுவே நல்ல வழிகாட்டி. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்; இணையதளம் திறக்கவில்லை. பதறாமல் கீழிருந்து பாருங்கள்.

1. மோடத்தில் விளக்கு எரிகிறதா? (பிசிக்கல்)
2. வைஃபை இணைந்துள்ளதா? (டேட்டா லிங்க்)
3. கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி கிடைத்ததா? 169.254 என்று தொடங்கினால் கிடைக்கவில்லை. (நெட்வொர்க்)
4. மற்ற தளங்கள் திறக்கின்றனவா? திறந்தால் உங்கள் இணைப்பில் குறையில்லை. பெரும்பாலும் அந்தத் தளத்தின் பக்கம்தான் சிக்கல்.
5. "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று வந்தால் கருவியின் தேதி சரியா என்று பாருங்கள். தேதி தவறினால் தளத்தின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும்.

ஆகவே, ஓடுவது நான்கு. யோசிக்க உதவுவது ஏழு. நேர்காணலில் இந்த ஒரு வரியை உதாரணத்தோடு சொன்னாலே போதும்.

வீட்டுப் பயிற்சி: விண்ணப்பத்தில் ஓர் எழுத்தும் தொலையக் கூடாது, போன் பேச்சில் ஒரு நொடி விட்டுப்போனால் பரவாயில்லை. டிசிபி எதற்கு, யுடிபி எதற்கு? பிள்ளைகள் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லட்டும். அவர்களுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்தது என்று பொருள்.