அறுபதாம் கல்யாணத்துக்கு ஐந்நூறு எழுத்தில் அழைப்பு

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். குருக்கள் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார். சொந்தபந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை போய்ச் சேர்ந்தாயிற்று. மீதி இருந்தது 38 பேர். எல்லாம் என் கட்டற்ற மென்பொருள் சகாக்கள், வாட்ஸ்அப்பைக் கைப்பேசியில் ஏற்றவே மாட்டேன் என்று நிற்கும் பிடிவாதக்காரர்கள். அவர்கள் குடியிருப்பது மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி 2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே அங்கே கிளம்பிப் போனதே, அதில் போனவர்கள் இவர்களில் பாதிப்பேர்.

38 பேருக்கும் தனித்தனியாகத் தட்டினால் விரல் ஓய்ந்துவிடும். போதாததற்கு, அமிர்தகடேசுவரர் கோயிலில் ஒரே நாளில் எத்தனையோ ஜோடிகள் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சஷ்டியப்தபூர்த்தி ஒரு பக்கம், எண்பது வயதுக்காரர்களின் சதாபிஷேகம் இன்னொரு பக்கம். நமக்குச் சொன்ன நேரமும் இடமும் கடைசியில் மாறலாம், மாறினால் மறுபடி 38 பேருக்கும் சொல்லியாக வேண்டும். பைதானில் முப்பது வரி எழுதினால் தீர்ந்துபோகிற வேலை இது. எங்கெங்கே இடறும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இடறி விழுந்தது நான்தான். நிரலின் சொற்களை இங்கே உச்சரிப்பில் தருகிறேன், கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த மாஸ்டடான் ஊர் எப்படி இயங்குகிறது என்று ஒரு வார்த்தை. மாஸ்டடான் ஒரே கம்பெனியின் ஒரே கட்டடம் அல்ல. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி. 2018இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறைதான் இவற்றைப் பேசவைக்கிறது. உங்கள் முகவரியிலேயே இரண்டு துண்டு உண்டு: பெயர், சர்வர். நீங்கள் எழுதியதை உங்கள் சர்வர் வாங்கி, கையொப்பமிட்டு, எதிராளியின் சர்வரில் இருக்கும் இன்பாக்ஸில் போடுகிறது. திருக்கடையூர் தபாலாபீஸில் போட்ட கார்டு டொரன்டோ தபாலாபீஸ் வழியாகப் போய்ச் சேர்கிற கதைதான்.

கார்டு என்று சொன்னது காரணமாகத்தான். மாஸ்டடானில் 'தனிச்செய்தி' என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. அதுவும் ஒரு சாதாரணப் பதிவுதான், பார்வையாளர் வட்டம் மட்டும் சுருங்கியிருக்கிறது. உறை ஒட்டிய கடிதம் இல்லை. இரு முனை மறையாக்கம் இல்லை. இரண்டு பக்கத்து நிர்வாகிகளும் நினைத்தால் படிக்கலாம். கல்யாண நேரம், மண்டபம், தங்குமிடம் எழுதலாம். வங்கிக் கணக்கு எண் எழுதாதீர்கள். அதற்கு இரு முனை மறையாக்கம் தரும் மேட்ரிக்ஸ் மாதிரி வேறு வழி உண்டு.

இனி வேலை. உங்கள் கணக்கின் விருப்பத்தேர்வுகளில் டெவலப்மென்ட் என்றொரு பக்கம் இருக்கும். அங்கே புதிய செயலி ஒன்று பதியுங்கள், பெயர் எதுவானாலும் சரி. அனுமதிகளில் எல்லாவற்றையும் டிக் செய்துவிட வேண்டாம். ரைட்:ஸ்டேட்டஸஸ் ஒன்று போதும். பதிந்ததும் ஆக்ஸஸ் டோக்கன் என்ற நீளமான எழுத்துச் சரம் கிடைக்கும். அதுதான் வீட்டுச் சாவி. நிரலுக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பில் வையுங்கள். நிரலைப் பிறகு யாருக்காவது காட்டுவீர்கள், சாவியும் கூடவே போய்விடும்.

அடுத்து மாஸ்டடான்.பை என்ற நூலகத்தைப் பைதானின் பிப் நிறுவி மூலம் நிறுவுங்கள். சர்வர் முகவரியையும் டோக்கனையும் கொடுத்தால் இணைப்பு தயார். பிறகு பெயர்ப் பட்டியல்: ஒரு வரிக்கு ஒருவர், முழு முகவரியோடு. சர்வர் பெயரை விட்டுவிட்டால் உங்கள் சர்வரிலேயே அந்தப் பெயரில் இருக்கும் யாரோ ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை போகும்.

அனுப்புவது ஸ்டேட்டஸ்_போஸ்ட் என்ற ஒரே கட்டளை. செய்தியின் தொடக்கத்தில் அட் குறியோடு அவர் முகவரி, பின்னால் விஷயம். கூடவே விசிபிலிட்டி என்ற இடத்தில் டைரக்ட் என்று கொடுக்க வேண்டும். இந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். சோதனை ஓட்டத்தில் அதை எழுத மறந்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் உங்கள் கணக்கின் வழக்கமான அமைப்பு எதுவோ அதைச் சர்வர் எடுத்துக்கொள்ளும். எனக்கு அது பொது. அம்மாவின் கைப்பேசி எண்ணோடு அழைப்பு ஊருலகத்துக்குப் போயிற்று. உடனே அழித்தேன். ஆனால் அழிக்கச் சொல்லி நம் சர்வர் தகவல்தான் அனுப்ப முடியும், மற்ற சர்வர் கேட்குமா என்பது அதன் இஷ்டம். அதனால் முதலில் கணக்கின் வழக்கமான அமைப்பையே சுருக்கிவிட்டு, வேறொரு சர்வரில் உங்களுக்கே இரண்டாவது கணக்கு திறந்து, அதற்கு அனுப்பிப் பாருங்கள்.

38 பேரையும் ஒரே செய்தியில் அடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒருவர் பதில் போட்டால் 38 பேருக்கும் மணி அடிக்கும், ஒருவர் முகவரி எல்லோருக்கும் தெரிந்துபோகும். ஒருவருக்கு ஒன்றுதான். இன்னொரு கண்ணி: செய்தியின் நடுவில் அட் குறியோடு யார் பெயர் வந்தாலும் அவருக்கும் அது போய்ச் சேரும். மாயவரம் ஜங்ஷனில் வந்து இறங்கும் நண்பருக்கு, வண்டி ஏற்பாட்டை மச்சானிடம் விட்டிருக்கிறேன், அவனை நம்ப முடியாது என்று மச்சானின் முகவரியையும் போட்டு எழுதினேன். அஞ்சு நிமிஷத்தில் மச்சானிடமிருந்து பதில்: "நம்பலாம் மாப்ளே."

எழுத்து எண்ணிக்கைக்கு வருவோம். மாஸ்டடானின் வழக்கமான எல்லை 500. தமிழுக்கு இதில் ஒரு நியாயம் கிடைக்கிறது. சர்வர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது, கொம்பையும் புள்ளியையும் தனியாக எண்ணுவதில்லை. 'திருக்கடையூர்' அங்கே 7. பைதானின் லென் கட்டளையிடம் கேட்டால் 13 என்கிறது. லென்னை நம்பிச் செய்தியைக் குறுக்கிவிடாதீர்கள், எனக்கு அப்படித்தான் சாப்பாட்டு விவரம் வீணாக வெட்டுப்பட்டது.

அனுப்பியதும் சர்வர் தரும் பதிலில் மென்ஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் முகவரியைச் சர்வர் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். பிழை எதுவும் காட்டாது, பதிவும் ஏறிவிடும், ஆனால் யாருக்கும் போகாது. எழுத்துப்பிழையான முகவரி இங்கேதான் அகப்படும். மென்ஷன்ஸ் சரியாக இருந்தும் பதில் வராவிட்டால் பதற வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கம் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். சின்ன சர்வர்களும் கடைமடைதான்: தூங்கும், நின்றுபோகும். உங்கள் சர்வர் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். போய்ச் சேர்ந்த பிறகும், தாம் பின்தொடராதவரின் தனிச்செய்தியை ஒதுக்கி வைக்கும்படி எதிராளி வடிகட்டி போட்டிருக்கலாம்.

பாதியில் கரண்ட் போனால்? எனக்குப் போயிற்று, 17ஆவது பெயரில். மறுபடி ஓட்டினால் முதல் 16 பேருக்கும் இரண்டு பத்திரிகை. இதற்கு ஐடெம்பொடென்ஸி கீ என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளச் சொல் கொடுத்தால், அதே சொல்லோடு மறுபடி வருவதைச் சர்வர் புதுச் செய்தியாக ஏற்காது. ஆனால் அதன் ஞாபகம் ஒரு மணி நேரம்தான். ஆகவே மொய் நோட்டு மாதிரி ஒரு கோப்பு வையுங்கள்: பெயர், நேரம், சர்வர் கொடுத்த பதிவு எண். நிரல் ஒவ்வொரு பெயருக்கும் முன் நோட்டைப் பார்த்துவிட்டு அனுப்பட்டும்.

வேகத்துக்கு வழக்கமான வரம்பு ஐந்து நிமிடத்துக்கு 300 வேண்டுகோள். மீறினால் 429 என்ற எண்ணோடு திருப்பிவிடும். 38 பேருக்கு அந்தக் கவலை இல்லை, இருந்தாலும் பத்து விநாடி இடைவெளி விடுங்கள். மொத்தமாகச் செய்தி கொட்டுகிறவனை நிர்வாகிக்குப் பிடிக்காது. சர்வரின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள். தெரியாதவருக்கு இப்படி அனுப்பினால் அதற்குப் பெயர் அழைப்பு இல்லை, குப்பை.

நேரம் மாறினால் பழைய பதிவைத் திருத்துவதோடு நிற்காதீர்கள். திருத்தியது எல்லோர் கண்ணிலும் படும் என்று சொல்ல முடியாது. நோட்டில் இருக்கும் பதிவு எண்ணை இன்_ரிப்ளை_டு_ஐடி என்ற இடத்தில் கொடுத்து, அதே செய்திக்குப் பதிலாகப் புதியதை அனுப்புங்கள். பழைய நேரமும் புதிய நேரமும் ஒரே இழையில் நிற்கும். எங்களுக்கு ஏழரை ஒன்பதானபோது 38 பேருக்கும் சொல்லி முடிக்க ஆறரை நிமிடம் ஆயிற்று.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பியதும் அந்த டெவலப்மென்ட் பக்கத்துக்கே போய்ச் செயலியை நீக்கிவிடுங்கள். டோக்கன் அத்தோடு செத்துப்போகும்.