முதற்பதிப்பும் கையொப்பமும்

நீலசந்திராவிலிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பிரிகேட் சாலையும் அதனை அடுத்துச் சர்ச் தெருவும் வரும். பெங்களூருவில் பழைய நூல்களைத் தேடுவோர் முதலில் செல்லும் இடம் அது. 1945இல் தொடங்கப்பெற்ற செலக்ட் புத்தகக் கடை பிரிகேட் சாலையின் கிளைத்தெரு ஒன்றில் உள்ளது. இத்தகைய கடைகளில் ஒரே ஒற்றர் நாவலின் இரு பிரதிகள் அருகருகே இருப்பதுண்டு. ஒன்றின் விலை நூறு ரூபாய். மற்றொன்றின் விலை பல்லாயிரம் ரூபாய். கதையும் ஒன்று, சொற்களும் ஒன்று. ஆயினும் இரண்டாவது பிரதி முதற்பதிப்பு. அதில் ஆசிரியர் தம் கையால் ஒப்பமும் இட்டிருக்கிறார்.

ஒரு நூல் முதன்முறையாக அச்சாகி வெளிவந்த வடிவமே முதற்பதிப்பு எனப்படும். ஜேம்ஸ் பாண்ட் என்னும் ஒற்றனைப் படைத்த இயான் ஃபிளெமிங்கின் முதல் நாவல் ‘கேசினோ ராயல்’ 1953 ஏப்ரலில் இலண்டனில் வெளிவந்தது. அப்போது ஆசிரியரை நாவல் உலகம் அறியாது. ஆகவே பதிப்பகத்தார் ஐயாயிரத்துக்கும் குறைவான பிரதிகளையே அச்சிட்டனர். அவற்றுள் பல பொது நூலகங்களுக்குச் சென்று, முத்திரை குத்தப்பட்டு, கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்தன. நூலின் மேல் சுற்றியிருந்த காகித மேலுறையைக் கிழித்தெறிந்தவர்களும் உண்டு. இன்று அந்த மேலுறை இருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. ஃபிளெமிங் 1964இல் மறைந்துவிட்டதால் அவருடைய கையொப்பமும் இனிப் பெருகப்போவதில்லை.

கையொப்பத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜான் லெ காரே என்று கையொப்பமிட்டவரின் இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். அவர் உண்மையாகவே பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவர். பணியில் இருப்போர் சொந்தப் பெயரில் நாவல் வெளியிட இயலாது என்பதால் புனைபெயர் சூடினார். நம் பெங்களூருவிலும் அப்படி ஒருவர் வாழ்ந்தார். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கேற்ற எஸ். ரங்கராஜன், கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்கள் துப்புத் துலக்கும் கதைகளைத் தம் மனைவியின் பெயரில் எழுதினார். சுஜாதா என்று சொன்னால்தான் வாசகர்க்குத் தெரியும். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் நண்பர் இருவர் சேர்ந்து ‘சுபா’ என்ற பெயரில் எழுதுவதால், அவர்களுடைய நூலில் ஒரு பெயருக்கு இரண்டு கையொப்பங்கள் வேண்டும்!

கையொப்பம் மெய்யானதா, அச்சிட்டதா என்று எவ்வாறு அறிவது? பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எழுதுகோல் அழுந்திய தடம் பெரும்பாலும் தெரியும். உருப்பெருக்கியில் நோக்கினால் அச்சிட்ட கையொப்பம் பல இடங்களில் சிறு புள்ளிகளாகப் பிரியும். போலி ஒப்பமிடுவோரும் உளர் என்பதால், தேர்ந்த சேகரிப்பாளர் அந்நூல் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதையும் கேட்டறிவர்.

தமிழ்நூலில் முதற்பதிப்பைக் கண்டறிவது இதனினும் கடினம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ‘முதற்பதிப்பு’ என்று மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பர். அந்த வரியை மட்டும் கண்டு மகிழ்பவர், கீழே உள்ள ‘நான்காம் பதிப்பு’ என்ற வரியைக் காணத் தவறுவதுண்டு. வேறொரு பதிப்பகம் பழைய நாவலை மறுபடி வெளியிடும்போது, தான் அச்சிட்டதையே முதற்பதிப்பு என்று குறிப்பதும் வழக்கம். எனவே, யாருக்கு முதற்பதிப்பு, நூலுக்கா பதிப்பகத்திற்கா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ் மர்மக் கதைகள் பல, நூலாவதற்கு முன்பே வார இதழ்களில் தொடராக வந்துவிட்டன. கணேஷ் தோன்றும் ‘நைலான் கயிறு’ 1968இல் குமுதத்தில் வந்தது. அக்காலத்து இல்லத்தரசியரும் அலுவலகம் செல்வோரும் வாரந்தோறும் அப்பக்கங்களைக் கவனமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்துவைப்பர். தொடர் முடிந்ததும் தைத்து, அட்டை போட்டு, பைண்டு செய்து வைத்துக்கொள்வர். ஓவியர் வரைந்த படங்கள், பக்கத்து ஓரத்துத் துணுக்கு, சோப்பு விளம்பரம், ‘தொடரும்’ என்று கதை நின்ற இடம் ஆகிய யாவும் அதில் இருக்கும். பின்னாளில் வந்த நூலில் இவற்றுள் பெரும்பாலானவை இரா. உண்மையான முதல் அச்சு எது என்று கேட்டால், கடையில் விற்ற முதற்பதிப்பைக் காட்டிலும் இந்த வீட்டு பைண்டிங்கே முன்னது எனலாம். சேகரிப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை ஆதலால் இதைச் சொல்வதில்லை.

தமிழில் துப்பறியும் நாவலின் வரலாறு நீண்டது. ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே. ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் நூறாண்டுகளுக்கு முன்பே பெரும்புகழ் பெற்றனர். அவர்க்குப்பின் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். பின்னர் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் முதலியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. அவை மட்டமான தாளில் அச்சானவை. படித்தவர் அடுத்தவரிடம் கொடுப்பார். இறுதியில் எடைக்குப் போகும். மறுமாதம் வேறு நாவல் வந்துவிடும் ஆதலால் பலவற்றிற்கு மறுபதிப்பே இல்லை. முதற்பதிப்பே கடைசிப் பதிப்பு.

இத்தகைய நூல்களையும் காக்க வேண்டும் என்று எண்ணியவர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடி வாங்கினார். செவ்விலக்கியம், நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், மலிவு விலை நாவல் எனப் பிறர் கழித்தவற்றையும் கழிக்காமல் கோட்டையூர் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பு பலரிடம் சிதறிப்போயிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் அதனை முழுமையாக விலைக்கு வாங்கி, கடல் கடந்து கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே வைத்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. மூர் மார்க்கெட்டோ 1985இலேயே தீக்கிரையாகிவிட்டது.

நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் கொண்டுவந்த பெட்டிகளில் நூல்களுக்கு இடம் குறைவு. வந்தவற்றுள்ளும் வாடகை வீடு மாறும்போது சில பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருக்கும். எஞ்சியதாகப் பரண்மேல் ஒரு பைண்டிங் இருக்கலாம். முதல் தாளில் தாத்தா, பாட்டியின் பெயரும் ஊரும் தேதியும் மையில் எழுதியிருக்கும். நடுவில் ஒரு வாரத்துப் பக்கங்கள் காணாமற் போயிருக்கவும் கூடும். அந்த இடத்தில் கதை, கதவைத் தட்டிய கை யாருடையது என்று தெரியாமலே நின்றுவிடும்.

சொற்பொருள்
ஒற்றர் – மறைவாகச் செய்தி திரட்டுவோர்
மேலுறை – நூலட்டையின்மேல் சுற்றிய தாள்
துப்புத் துலக்குதல் – குற்றத்தின் உண்மையைக் கண்டறிதல்
பரண் – பொருள் வைக்கச் சுவரின் மேற்பகுதியில் அமைத்த தட்டு

பயிற்சி
1. ‘கேசினோ ராயல்’ முதற்பதிப்பு அரிதானதற்குரிய காரணங்களை எழுதுக.
2. ‘முதற்பதிப்பு’ என்று அச்சிட்டிருந்தும் அது முதற்பதிப்பு ஆகாமற்போவது எப்போது?
3. வார இதழ்த் தொடரைப் பைண்டு செய்தவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பின், அவரிடம் கேட்டு எட்டு வரிகளில் எழுதுக.