லெட்யூஸ் இல்லாத சாலட், சாஸ் கேட்காத கறி

கிரேக்க சாலட் என்று சொன்னதும் பல ஊர் ஓட்டல்களில் ஒரு கிண்ணம் நிறைய லெட்யூஸ் வந்துவிடுகிறது. அதன் தலையில் நாலு ஆலிவ், உதிர்த்துப் போட்ட சீஸ், கூடவே ஒரு கெட்டியான டிரெஸ்ஸிங். கிரீஸில் கோடைக்காலத்தில் ‘ஹோரியாட்டிகி’ என்று கேட்டு வாங்கினால் இலையே இருக்காது. பெரிய துண்டுகளாக அரிந்த தக்காளி, வெள்ளரி, வளையமாக நறுக்கிய வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், கலமாட்டா ஆலிவ் ஆகியவற்றின் மேல் ஃபெட்டா ஒரே பாளமாக உட்கார்ந்திருக்கும். ஓரிகானோவைத் தூவி, ஆலிவ் எண்ணெயைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றினால் வேலை முடிந்தது. லெட்யூஸ் போட்ட சாலட் கிரேக்கர்களிடமும் உண்டு. ஆனால் அது குளிர் மாதங்களுக்கானது, பெயரும் வேறு.

சாக்ரடீஸ் காலத்து உணவு என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் ஆலிவும் சீஸும் வெங்காயமும் சாப்பிட்டிருப்பார், சரி. தக்காளியும் குடைமிளகாயும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. நம் மிளகாயின் கதையும் அதுதானே!

“வெள்ளையாக, உப்பாக இருந்தால் ஃபெட்டா.” இந்த நம்பிக்கை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபெட்டாவுக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு அளித்தது. ஜெர்மனியும் டென்மார்க்கும் எதிர்த்து வழக்காடி, 2005-இல் தோற்றன. அதன் பிறகும் ஏற்றுமதிச் சரக்கில் அந்தப் பெயரைப் போட டென்மார்க் தன் உற்பத்தியாளர்களை விட்டுவைத்தது தவறு என்று 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதிப்படி ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில் செய்யப்பட வேண்டும். வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம், பசும்பால் கூடவே கூடாது. குறைந்தது இரண்டு மாதம் முதிர வேண்டும். கிடைக்காத ஊரில் பன்னீரை வைத்துச் சமாளிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நொதிப்பின் புளிப்பும் உப்புநீரில் கிடந்த உவர்ப்பும் பன்னீரில் வராது. அதை உப்புநீரில் சில மணி நேரம் போட்டு வைத்தால் பாதி வழியாவது வரும்.

டப்பாவில் மையாக மின்னும் கறுப்பு ஆலிவையும் கலமாட்டா என்று நினைத்துவிட வேண்டாம். அது பழுக்கும் முன்பே பறித்து, காரக் கரைசலில் போட்டு, காற்றேற்றிக் கறுப்பாக்கியது. கலமாட்டா கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், பாதாம் போல நுனி கூர்ந்திருக்கும்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் நம்பிக்கை வேறு: முந்தின இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் சுவை ஏறும் என்பது. குளிரில் தக்காளியின் மணம் மங்கிப்போகும், வெள்ளரி துவண்டுவிடும். தக்காளியில் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். உப்பு இழுத்துவிடும் சாறு, ஃபெட்டாவின் உவர்நீர், எண்ணெய் மூன்றும் தட்டின் அடியில் சேரும். தனி டிரெஸ்ஸிங் எதற்கு? அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பதற்கென்றே கிரேக்கர்கள் சாலட்டுக்குக் காத்திருப்பார்கள். சாறு நிறைந்த நாட்டுத் தக்காளி இதற்குத் தோதானது; தோல் தடித்த ரகம் ஏமாற்றிவிடும்.

இந்தச் சாற்றை மனத்தில் வைத்துத்தான் பக்கத்தில் எதைச் சுடுவது என்று முடிவு செய்ய வேண்டும். புளிப்பு, உப்பு, கொழுப்பு மூன்றும் ஏற்கெனவே தட்டில் இருக்கின்றன. இனிப்பும் புகைமணமும் கலந்த அமெரிக்க பார்பெக்யூ சாஸ் பூசிய கறியை அருகில் வைத்தால் இரண்டும் கெடும்.

கிரேக்கர் என்றால் எப்போதும் செம்மறிக்கறி என்பதும் பாதி உண்மைதான். முழு ஆட்டைக் கம்பியில் சுழற்றிச் சுடுவது ஈஸ்டருக்கு. அன்றாடக் கம்பிக் கறியான சூவ்லாக்கி பெரும்பாலும் பன்றி இறைச்சி, இல்லாவிட்டால் கோழி. கம்பியில் குத்திச் சுடும் பழக்கம் மட்டும் உண்மையிலேயே தொன்மையானது. சாண்டோரினித் தீவில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்த அக்ரோதிரியில், 3,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையான கம்பித் தாங்கிகள் கிடைத்திருக்கின்றன.

எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறினால் கறி மெத்தென்று ஆகும் என்பார்கள். மேல்தோல்தான் மாவாகும்; புளிப்பு உள்ளே அதிகம் இறங்காது. உள்ளே போவது உப்பு. ஆகவே உப்பையும் எண்ணெயையும் ஓரிகானோவையும் முன்னதாகத் தடவிவிட்டு, எலுமிச்சையைக் கடைசியில் பிழியலாம். பெருந்தணலில் முதலில் வாட்டினால் சாறு உள்ளே பூட்டப்படும் என்ற கருத்து, 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வழியாகப் பரவியது. எதுவும் பூட்டப்படுவதில்லை, அந்தச் சிவந்த மேற்புறம் தருவது மணம். கோழி வெந்ததா என்பதையும் சாற்றின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பதே வழி.

ஹலூமியைச் சுட்டுப் பக்கத்தில் வைப்பது இப்போது நாகரிகம். அது சைப்ரஸின் சீஸ், 2021-இல் அதற்கும் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. தணலில் உருகாதது அதன் சிறப்பு. ஆனால் ஃபெட்டாவோடு சேர்ந்தால் உப்புக்கு மேல் உப்பு. சைவக்காரர்களுக்குச் சுட்ட கத்தரிக்காய் மேல். மீன் சாப்பிடுபவர்கள் மத்தியைத் தேடலாம்: குடலை மட்டும் நீக்கி, கல்லுப்பும் எண்ணெயும் தடவி, தலையோடு தணலில் பக்கத்துக்கு மூன்று நிமிடம்.