குணச்சித்திர நடிப்பு: டெல்லி கணேஷ் தரும் பாடம்

தலைவன் ஒருவன், தலைவி ஒருத்தி. ஒரு கதை நடந்தேற இவ்விருவர் மட்டும் போதுமா? நம் பழந்தமிழ் அகப்பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். தோழி பேசுகிறாள், செவிலி கவலைப்படுகிறாள், பாங்கன் இடித்துரைக்கிறான், பாணன் தூது செல்கிறான். இவர்களை நீக்கிவிட்டால் தலைவனும் தலைவியும் ஆளுக்கொரு மூலையில் வாய்மூடி நிற்க வேண்டியதுதான். துணை மாந்தர் இன்றிக் கதை இல்லை என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று.

திரைப்படத்தில் இத்துணை மாந்தராக வாழ்ந்து காட்டுவோரையே நாம் குணச்சித்திர நடிகர் என்கிறோம். சுவரொட்டியில் அவர் முகம் சிறிதாக இருக்கும், அல்லது இல்லாமலே போகும். ஆனால் வீடு திரும்பும் வழியில் நாம் பேசுவது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான். இக்கலையின் இயல்பை அறிய ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், நானூறுக்கும் மேற்பட்ட படங்கள், பல தொலைக்காட்சித் தொடர்கள் என வாழ்ந்து, 2024 நவம்பர் 9 அன்று தம் எண்பதாம் வயதில் மறைந்த டெல்லி கணேஷ் அவர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் வேதியியல் மாணவன். கலை விமரிசகன் அல்லன். ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளை எப்படிப் பகுத்துப் பார்ப்போமோ, அப்படியே இதையும் பார்க்க முயல்கிறேன்.

கருவியைத் தீட்டிய காலம்

கணேஷ் 1944 ஆகஸ்ட் 1 அன்று நெல்லைச் சீமையின் வல்லநாட்டில் பிறந்தார். 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் பணியாற்றினார். அக்காலத்தில் அவர் பெயருக்கு முன்னே ‘டெல்லி’ இல்லை. அந்நகரின் தமிழர் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவின் மேடையே அவருக்குக் கல்லூரி ஆயிற்று.

தோழர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுவோம். தாய்நிலத்தை விட்டு ஆயிரங்கல் தொலைவில், அலுவலகம் முடிந்து வந்து, களைப்பைப் பாராமல் ஒத்திகை பார்த்த தமிழர் அவர்கள். எழுத்தரும், வானொலி ஊழியரும், படை வீரரும் மேடையிலே ஒன்று கூடினர். டில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த பூர்ணம் விசுவநாதனும் பின்னாளில் நாடகத்திலும் திரையிலும் பெயர் பெற்றவரே. ‘வெளியூரில் இருக்கிறோம்; இங்கே கலைக்கு என்ன இடம்?’ என்று கேட்பவருக்கு டில்லித் தமிழரின் நாடக மேடை தக்க விடை அன்றோ?

பின்னர்ச் சென்னை வந்து காத்தாடி இராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். இயக்குநர் கே. பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொணர்ந்து, ‘டெல்லி கணேஷ்’ என்ற பெயரையும் வழங்கினார். முதற்படம் ‘பட்டினப் பிரவேசம்’ (1977), விசுவின் நாடகத்தைத் தழுவியது. சிற்றூரை விட்டுப் பெருநகரில் குடியேறிய குடும்பம் ஒன்று படும் பாட்டைச் சொல்வது. நம் தந்தையர் குர்லாவிலும் தாராவியிலும் வந்திறங்கிய கதையும் ஏறக்குறைய அதுதானே!

மொழி என்னும் முதற்கருவி

ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் அந்த ஒன்றின் விளைவு தெரியும் என்பது நாம் கற்ற பாடம். கணேஷின் படங்கள் இதற்கு வாய்ப்பானவை. அவர் முகத்தை அடியோடு மாற்றும் ஒப்பனையை நம்பி வாழ்ந்தவர் அல்லர். அதே உயரம், அதே முகம். மாறியவை எவை?

முதலாவது, பேச்சு. துரை இயக்கிய ‘பசி’ (1979) படத்தில் அவர் சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்ஷாக்காரர். குப்பை பொறுக்கும் பெண்ணின் தந்தை. மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. சென்னைத் தமிழைப் பிறர் சிரிப்பு மூட்டப் பயன்படுத்திய காலத்தில், அதே தமிழை ஒரு தந்தையின் துயரம் பேசும் மொழியாக அவர் ஆக்கினார்.

இனி ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). அதில் பாலக்காட்டு மணி ஐயர் என்னும் சமையற்காரர். மலையாள இராகம் ஏறிய தமிழ். திருமண விருந்தின் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட காட்சியைப் பார்த்தவர் மறவார். அக்காட்சியில் அவர் நகைச்சுவை செய்வதாகக் காட்டிக்கொள்வதே இல்லை. தம் கைப்பக்குவத்தின் மானம் போகிறதே என்று அந்த மனிதர் உண்மையிலேயே நடுங்குகிறார். அவர் நடுங்க நடுங்க நாம் சிரிக்கிறோம். சிரிக்க வைப்பவன் சிரிக்கலாகாது என்னும் விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நெல்லைக்காரர் ஒருவர் சென்னைச் சேரித் தமிழையும் பாலக்காட்டுத் தமிழையும் எவ்வாறு தமதாக்கினார்? செவியால்தான். பல ஊர்த் தமிழர் கூடிய படையணியும் நாடகக் குழுவும் அவருடைய செவியைப் பழக்கியிருக்கும் என்பது என் எண்ணம். 2015இல் வந்த ‘பாபநாசம்’ படத்திலும் அவர் நடித்தார். அது நெல்லைத் தமிழிலேயே நடக்கும் கதை. ஊர்விட்டு ஊர் போன குரல் நெடுங்காலத்துக்குப் பின் தன் ஊர் வழக்குக்கு வந்து சேர்ந்தது.

இஃது எனக்கு வெறும் திரைப்படச் செய்தி அன்று. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து சிறு வயதில் குர்லாவுக்கு வந்தவன் நான். ஊருக்குப் போனால் ‘உன் தமிழ் எந்த ஊர்த் தமிழ்?’ என்று சிரிப்பார்கள். இங்கோ, ‘உன் இந்தி மதராசி இந்தி’ என்பார்கள். இரு கரையிலும் கேலி! வழக்கு என்பது குறை அன்று, கருவி என்று கணேஷின் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. பல வழக்குகளைக் காதால் அளந்து வைத்திருப்பவன் ஏழையல்லன், செல்வன்.

வினையூக்கி

இரண்டாவது, அளவு. வேதியியலில் வினையூக்கி என்றொன்று உண்டு. சிறிதளவே போதும். அது வினையில் கலந்துகொள்ளும். வினைக்கு எளிதான வேறொரு வழியைத் திறந்துவிடும். இறுதியில் மீண்டும் பழைய உருவிலேயே வெளிவரும். நல்ல குணச்சித்திர நடிகர் கதைக்கு இவ்வாறே உதவுகிறார்.

‘சிந்து பைரவி’ (1985) படத்தில் அவர் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி. குடித்துவிட்டு வந்ததற்காகப் பாடகர் ஜே. கே. பி.யால் ஒதுக்கப்படுகிறார். பின்னர் அந்தப் பாடகரே குடியில் வீழ்கிறார். முன்னவரின் சிறு வீழ்ச்சி நம் நெஞ்சில் பதிந்திருப்பதால்தான் பின்னவரின் பெரு வீழ்ச்சி சுடுகிறது.

நமக்கு மிக நெருக்கமான ‘நாயகன்’ (1987) படத்துக்கு வருவோம். மணிரத்னம் இயக்கியது. தாராவியை மையமாகக் கொண்ட கதையாயினும், அத்தெருக்களில் பெரும்பகுதியைக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் அமைத்தார். அதற்குத் தேசிய விருதும் பெற்றார். அப்படத்தில் கணேஷ் ஏற்ற பாத்திரம் ‘ஐயர்’. இந்தி அறியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்ப்பாளர். தலைவன் தமிழில் சொல்ல, இவர் பணிவோடு இந்தியில் சொல்கிறார். தலைவனின் கம்பீரம் நமக்கு எங்கே தெரிகிறது? பக்கத்தில் நிற்பவரின் பணிவிலும் அச்சத்திலும்தான்!

குர்லா, தாராவி, செம்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஐயரைத் தனியே அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பங்கீட்டுக் கடையில், மருத்துவமனையில், பள்ளி அலுவலகத்தில் தாய்க்கும் பாட்டிக்கும் மொழிபெயர்த்தவர்கள் அல்லவா நாம்! பத்து வயதில் என் பாட்டியின் நோயை மருத்துவரிடம் இந்தியில் சொல்லவும், மருத்துவர் சொன்னதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லவும் நின்றேன். சொல்லக் கூடாததைக் குறைத்துச் சொன்னேன். மொழிபெயர்ப்பவன் முகத்திலே இரண்டு பொறுப்புகள் ஒருங்கே தெரியும். அந்த இரண்டையும் கணேஷின் முகத்தில் கண்டேன்.

உவமைக்கும் எல்லை உண்டு. வினை முடிந்தபின் விளைபொருளிலே வினையூக்கியை யாரும் தேடுவதில்லை. கலையிலோ, மக்கள் அவரைத் தேடி நினைவில் வைக்கிறார்கள்.

பரிசளிப்போர்க்கு இதனை உணரச் சற்றுக் காலம் பிடித்தது. அமெரிக்காவின் ஆஸ்கர் விருதில் துணை நடிகர்க்கெனத் தனிப் பிரிவு 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே உண்டு. நம் தேசிய விருதிலோ 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. ‘பசி’ வெளிவந்தபோது அப்படியொரு பிரிவே இல்லை.

நன்மையும் தீமையும்

மூன்றாவது, குணம். தந்தையாகவும் தோழனாகவும் நம் அன்பைப் பெற்ற அதே முகம், ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் கொடியோர் நால்வரில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு ஆயிற்று. ‘அவ்வை சண்முகி’ (1996) படத்தில் சூழ்ச்சிக்கார அலுவலராயிற்று. நல்லவர் முகத்தில் தீமையைக் காணும்போது, தீமைக்கெனத் தனி முகம் இல்லை என்று அஞ்சுகிறோம். அந்த அச்சமே அவர் வெற்றி.

சின்னத்திரை

மேடையில் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். திரையிலோ இமை அசைந்தாலும் பெரிதாகத் தெரியும். தொலைக்காட்சி வேறு வகை. பார்ப்பவர் சோறு உண்டுகொண்டே பார்க்கிறார். நாள்தோறும் காட்சி உண்டு. ஒத்திகைக்கு நேரம் குறைவு. ‘கஸ்தூரி’, ‘செல்லமே’ போன்ற தொடர்களில் கணேஷ் வீட்டுப் பெரியவராக வந்தமர்ந்தார். மேடையில் கற்ற மனப்பாடமும் திரையில் கற்ற அடக்கமும் அங்கே ஒருங்கே உதவின. மூன்று ஊடகத்துக்கும் மூன்று அளவுகோல் உண்டென்று உணர்ந்தவரே நெடுங்காலம் நிலைக்கிறார்.

அவர் மறைந்தபோது இந்திய விமானப்படையினர் வந்து இறுதி மரியாதை செலுத்தினர். ஐம்பதாண்டுகளுக்கு முன் விட்டு வந்த பணியும் அவரை மறக்கவில்லை.

நமக்குரிய பயிற்சி

பாடம் என்றால் பயிற்சியும் வேண்டும். ‘பசி’, ‘நாயகன்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்னும் மூன்றையும் ஒரு விடுமுறையில் பாருங்கள். முதலில் ஒலியை நிறுத்திவிட்டு அவர் நடையையும் கைகளையும் மட்டும் கவனியுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேச்சை மட்டும் கேளுங்கள். மூன்றாவதாக, அவர் பேசாமல் பிறர் பேச்சைக் கேட்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். நடிப்பில் பாதி, கேட்பதுதான் என்பது விளங்கும்.

நம் சங்கத்தின் ஆண்டு நாடகத்துக்குப் பெயர் கொடுப்போரில் பலர், தலைவன் வேடம் இல்லையென்றால் தேர்வைக் காரணம் காட்டி நின்றுவிடுகிறார்கள். மூன்றே வரி பேசும் தபால்காரர் வேடத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆள் இல்லாமல் அந்த வேடத்தை நீக்கினால் கடிதம் வந்து சேராது. கடிதம் வராவிட்டால் தலைவன் அழவும் முடியாது. பத்தாண்டுகள் படையில் பணி செய்துகொண்டே மேடையேறிய ஒருவரின் வரலாற்றைப் படித்த பின், நமக்குப் பொழுதில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இவ்வாண்டு அந்தத் தபால்காரர் வேடத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வரியையும் நெல்லைத் தமிழில் சொல்ல இசைவு தந்தால் மகிழ்வேன். மற்ற சிறு வேடங்கள் இன்னும் காலியாகவே உள்ளன, தோழர்களே!