நம்பிக்கைகளும் உண்மைகளும்: நடுச்சாமத்தில் அலறும் கார்

கும்பழாவளைப் பிள்ளையார் கோவில் மணியோசையும் திருவிழாக் காலத்து நாதஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய அளவெட்டிக் காதுகளுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய வாத்தியம் அறிமுகமாகியிருக்கிறது. சாமம் இரண்டு மணிக்கு, பனையோலையும் அசையாத வேளையில், ஒருவரும் தொடாமலே ஒரு கார் வீரிட்டு அலற, ஒழுங்கை நாய்களெல்லாம் அதற்குப் பின்பாட்டுப் பாட, உரியவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து ரிமோட்டை அமுக்கிவிட்டுப் படுத்தால், அரை மணித்தியாலத்தில் மறுபடியும் அதே கச்சேரி. 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தமையால், இருந்த கார்களையே பேணி ஓட்டிவந்தோம். காரோடு சேர்ந்து அதன் எலார்முக்கும் வயது ஏறிவிட்டது என்பதை மட்டும் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கள்ளனோ மரநாயோ தொட்டிருக்க வேண்டும் என்பதே இதைப் பற்றி ஊரில் வழங்கும் பிரதான அபிப்பிராயம். அதிலும் ஒரு பங்கு நியாயம் உண்டு. அதிர்வை உணரும் கருவியை மிகக் கூர்மையாக வைத்திருந்தால் திருவிழா வெடிச்சத்தத்துக்கும் அது விழித்துக்கொள்ளும். பொனெற்றின் கீழுள்ள சிறு சுவிச்சு உப்புக்காற்றில் துருவேறினாலும், மூடியை யாரோ திறந்துவிட்டதாகக் கார் மயங்கும். ஆனால் அப்படியான சந்தர்ப்பங்களில் சைரன் கத்தும்போது பக்க விளக்குகளும் சேர்ந்து மின்னுவதே பெரும்பாலும் வழக்கம். விளக்கு ஒன்றும் மின்னாமல் சைரன் மட்டும் தனியே ஓலமிடுமானால், கள்ளனைத் தேடி ரோர்ச் லைற்றோடு வளவைச் சுற்றுவது வீண் சிரமம். சந்தேகப்பட வேண்டியது சைரனையே.

“போன மாசந்தானே புதுப் பற்றரி போட்டனான், பற்றரியில் பிழையிராது” என்று என் அயலவர் ஒருவர் சாதித்தார். அளந்து பார்த்தோம், 12.6 வோல்ற் காட்டியது. நிறைந்த பற்றரிக்கு உரிய அளவு அதுவே, ஆகையால் அவர் சொன்னது உண்மைதான். ஆயினும் அவர் அறியாத இரண்டாவது பற்றரி ஒன்று அதே காரில் இருந்தது. கார்க் கள்ளன் முதலில் செய்யும் காரியம் வயரை வெட்டுவது என்பதை அறிந்த யந்திரக்காரர்கள், வெட்டுண்ட பின்னும் ஓலமிடும்படி சைரனின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறு பற்றரியை அடைத்து வைத்தார்கள். பிரதான பற்றரியின் வயரைக் கழற்றினால் வாயை மூடும் என்று நம்பிக் கழற்றியவர் முகத்தில் அது முன்னிலும் உரத்துக் கத்துவது இதனாலேதான்; அது பிழையன்று, அதற்கு இட்ட கடமை.

அந்தச் சிறு பற்றரி பெரும்பாலும் நிக்கல் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு கலமும் 1.2 வோல்ற், ஆறு கலம் தொடுத்தால் 7.2. என்ஜின் வெப்பத்தில் வருஷக்கணக்காக வெந்துகொண்டிருப்பதனால் அது மின்னைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. அதன் அழுத்தம் விழவிழ, உள்ளேயுள்ள மின்சுற்று, வயர் வெட்டுண்டதாகவே பிரமை கொள்கிறது. அயலவரின் சைரனைத் திறந்தபோது 7.2 இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ற்றும் தேறவில்லை. கலங்களின் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த ஒரு பொருக்கு, சைரனின் மின்சுற்றுப் பலகையிலுள்ள செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டிருந்தது.

பொருக்கைக் கண்டதும் அவர் குசினியிலிருந்து அப்பச்சோடாவை எடுத்து வந்தார். பெரிய பற்றரியில் உள்ளது அமிலம். அதன் முனையில் பூப்பதற்குச் சோடாவே மருந்து. நிக்கல் கலத்திலிருந்து ஒழுகுவதோ காரம். காரத்துக்குக் காரம் எப்படி மாற்றாகும்? வினாகிரியில், அல்லது தேசிக்காய்ப் புளியில், தோய்த்த பஞ்சினால் துடைத்து, பற்றரிக்கு விடும் சுத்த நீரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். கைக்கு உறை அவசியம்.

சந்தையில் வாங்கும் சாதாரண ரோர்ச் பற்றரிகளை அந்த இடத்தில் வைத்துக் கட்டலாம் என்பது இன்னொரு யுக்தி. யுத்த காலத் தடையில் பற்றரி கிடையாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் ஏ-40 காரை ஓட்டியவர்கள். ஆகவே எதையும் எதற்கும் பொருத்திப் பார்க்கும் சுபாவம் எங்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது. அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஆனால் சைரன் தன் கலங்களுக்கு ஓயாமல் மின்னேற்றுவது. மின்னேற்றக் கூடாத கலத்துக்கு மின்னேற்றினால் அது ஒழுகும், சில வேளை வெடிக்கும். அதே வகை, அதே வோல்ற், மீள மின்னேற்றத்தக்கது என்ற மூன்றும் பொருந்தினாலன்றி வாங்க வேண்டாம். செப்புக் கோடுகள் அறுந்துபோயிருந்தால் புதுக்கலமும் உதவாது. சைரனையே மாற்ற வேண்டியதுதான்.

கழற்றிய பழைய கலத்தை வாழையடியிலோ கிணற்றுக்கட்டருகிலோ எறிந்துவிடாதீர்கள். பழைய வகைகளில் கட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. எங்கள் நிலத்தின் கீழ் இருப்பதோ வெடிப்பும் பிளவுமான சுண்ணக்கல்; மேலே சிந்துவது கிணற்று நீரில் இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் கண்டது இன்னும் மறக்கக்கூடிய பழங்கதையாகவில்லை.