இப்னு பதூதா கண்ட கொள்ளையர் துறைமுகம்

கற்பனை நாவல்களிலும் திரைப்படங்களிலும் கடற்கொள்ளையருக்கென்றே ஒரு துறைமுக நகரம் இருக்கும். களவெடுத்த பொருள் குவிந்திருக்கும், சட்டம் இராது. அப்படியொரு துறைமுகம் நமது நாட்டிலும் இருந்ததா என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார். இருந்ததாகச் சொல்லும் பழைய நூல் ஒன்று உண்டு. அது மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் பயண நூல். துறைமுகம், அவர் பத்தாலா என எழுதிய புத்தளம்.

1344 இல் அவர் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்டார். காற்று கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளியது. பாவா ஆதம் மலை புகைத்தூண் போலத் தெரிந்தது. கரையை அடையாளம் கண்ட மாலுமிகள் அஞ்சினார்கள். இது வணிகர் பயமின்றி இறங்கும் துறையல்ல, ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, அவன் கொடியவன், கடலில் கொள்ளையடிக்கும் கப்பல்கள் அவனிடம் உண்டு என்றார்கள். ஆனால் புயல் வேறு வழி விடவில்லை. இப்னு பதூதா தாமே முதலில் இறங்கினார்.

அவர் கண்டது என்ன? மரத்தால் மதிலும் காவற்கோபுரங்களும் அமைந்த சிறிய, அழகான ஊர். கரையெங்கும் கறுவா மரக்கட்டைகள். யாழ்ப்பாண அரசர் பாரசீக மொழி விளங்கியவர். விருந்தாளியை உபசரித்து முத்துக்களைப் பரிசளித்தார். வேறென்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் நபியின் பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்றார் இப்னு பதூதா. பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கிடைத்தன. இவர் மஃபர் சுல்தானின் உறவினர் என்பதும் அந்த மரியாதைக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். அதை மறக்கக் கூடாது.

அப்படியானால் மாலுமிகள் சொன்னது வெறும் வதந்தியா? அப்படியும் சொல்ல முடியாது. மஃபர் துறையில் இந்த அரசரின் கப்பல்கள், சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ நூறு, வந்து நின்றதைத் தாம் பார்த்ததாக அதே நூலில் எழுதுகிறார். யெமனுக்குப் போகவிருந்த சுல்தானின் கப்பல்களைப் பிடிக்கவே அவை வந்தன என்பது அவர் கருத்து. காவல் பலமாக இருந்ததைக் கண்டதும், யெமன் போகும் எங்கள் கப்பல்களுக்குப் பாதுகாப்பாக வந்தோம் என்று அவர்கள் சொன்னார்களாம். காவலா, கொள்ளையா? தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

வரியும் அப்படித்தான். மலபார்க் கரையின் ஃபாகனூரில், கடந்து போகும் கப்பல் ஒவ்வொன்றும் நின்று அரசனுக்குக் காணிக்கை கொடுக்க வேண்டும். இதற்குப் 'பந்தர் உரிமை' என்று பெயர். நிற்காமல் போனால் துரத்திப் பிடித்து இரட்டிப்பாக வாங்குவார்கள். அரசனுக்கு அது வருமானம். பிடிபட்ட வணிகன் அதை என்னவென்று சொல்லியிருப்பான்?

1505 இல் கொழும்புக்கு வந்த போர்த்துக்கேயர் இதையே கடல் முழுவதற்கும் விரித்தனர். அவர்களது கர்த்தாசு என்ற அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் பறிமுதலாகும். அதை எதிர்த்த கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். சீதாவக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவியாக 1530களில் இங்கு கப்பல்கள் வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். போர்த்துக்கேய ஏடுகளில் அவர்கள் கடற்கொள்ளையர். நான்காம் குஞ்ஞாலி 1600 இல் கோவாவில் தலை துண்டிக்கப்பட்டார். மரைக்காயரைப் பற்றி எதிரி எழுதியதைச் சந்தேகத்தோடு வாசிக்கும் நாம், ஆரியச்சக்கரவர்த்தியைப் பற்றி ஒரு முஸ்லிம் பயணி எழுதியதையும் அதே கண்ணால் வாசிக்க வேண்டும் என்பேன்.

இப்னு பதூதா உண்மையில் கொள்ளையிடப்பட்டது எங்கே தெரியுமா? இலங்கையில் அல்ல. பின்னர் ஹினாவருக்கும் ஃபாகனூருக்கும் இடைப்பட்ட கடலில் பன்னிரண்டு போர்க்கப்பல்கள் வளைத்துக்கொண்டன. நம் அரசர் கொடுத்த முத்துக்கள் உட்பட எல்லாம் போயின. உடலில் காற்சட்டை மட்டும் மிஞ்சியது.

கொழும்பைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறார். கலன்பூ செரண்டிபின் மிக அழகிய, பெரிய நகரங்களில் ஒன்று. கடலின் அதிபதியான ஜாலஸ்தி என்ற அமைச்சர், ஏறத்தாழ 500 அபிசீனியர்களுடன் அங்கே இருக்கிறார் என்பது அந்தச் செய்தி. கொட்டாஞ்சேனையிலிருந்து நாம் பார்க்கும் இதே துறைமுகப் பக்கம்தான். கடலின் அதிபதி, ஆயுதமேந்திய படை என்றதும் கொள்ளையர் தலைவன் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நூலில் சில அத்தியாயங்கள் பின்னே போய்ப் பாருங்கள். குஜராத்திலிருந்து அவர் ஏறிய கப்பலில் துடுப்பு வலிப்போர் 50 பேர், அபிசீனிய வீரர்கள் 50 பேர். இந்தக் கடலுக்குப் பாதுகாப்பே இவர்கள்தான், ஒருவர் கப்பலில் இருந்தாலும் கொள்ளையர் கிட்ட நெருங்க மாட்டார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறார்.